பெயரில்லாத தோழர்: புரட்சியாளர்களின் நினைவு நூல்களை நாம் வாசிக்கும் விதம்



1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. 22 பேர் இறந்தார்கள். நாடு குடியரசாகிப் பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் மலபார் விவசாயிகள். காவும்பாயி போன்ற ஊர்களில் நெல்லுக்கும் நிலத்துக்குமாக நடந்த போராட்டங்களில் பிடிபட்டவர்கள். மலபார் அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. அதனால் அவர்கள் நம் ஊர்ச் சிறைக்கு வந்து சேர்ந்தார்கள்.

வடக்குக் கேரளத்துக் கிராமங்களில் இந்த நிகழ்ச்சி இன்றும் பேசப்படுகிறது. காவும்பாயி போராட்டத்தின் தலைவர்களில் ஒருவரான தளியன் ராமன் நம்பியார் இங்கேதான் கொல்லப்பட்டார். அவருடைய மகன் நாராயணன் நம்பியார் இதே சிறையில் உயிர் தப்பி, முதுமை வரைக்கும் அந்த நாளைச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே சொல்வதற்கு இடம் இருந்தது. வாசகசாலை இருந்தது, கட்சிக் குடும்பங்கள் இருந்தன, நினைவு நாள் இருந்தது. சேலத்திலும் பிப்ரவரி 11 வந்தால் இடதுசாரித் தோழர்கள் அஞ்சலி செலுத்துகிறார்கள். அதை நாம் மதிக்கிறோம். ஆனால் அஸ்தம்பட்டி வழியே தினமும் பேருந்தில் கல்லூரிக்குப் போய்வரும் ஒரு மாணவரிடம் அந்த 22 பேரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். சுட்ட ஊர் மறந்துவிட்டது, செத்தவர்களின் ஊர் மறக்கவில்லை. நினைவு தானாக நிற்பதில்லை. அதைச் சுமக்க ஆள் வேண்டும், தாள் வேண்டும். அந்தத் தாளைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. புரட்சியாளர்கள் எழுதிய நினைவு நூல்கள் இலக்கியமா, வரலாறா, அவற்றில் நம் மக்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதே நம் கேள்வி.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். தன்வரலாறு என்றால் பிறந்ததிலிருந்து தன் வாழ்க்கையை வரிசையாகச் சொல்வது. நினைவுக்குறிப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தான் கண்ட ஒரு காலத்தை, இருந்த ஓர் இயக்கத்தைச் சொன்னால் போதும். சாட்சியம் என்பது ‘நான் அங்கே இருந்தேன்’ என்று, பேச முடியாமல் போனவர்களுக்கும் சேர்த்துப் பேசுவது. இந்த மூன்றுக்கும் பின்னால் நான்காவது ஒன்று நிழல் போல வரும். அது காவல் நிலையத்து வாக்குமூலம். புரட்சியாளரின் நினைவு நூலை மற்றவர்களின் தன்வரலாற்றிலிருந்து வேறுபடுத்துவது இந்த நிழல்தான்.

ஓய்வுபெற்ற ஓர் அதிகாரி நூல் எழுத உட்கார்ந்தால் அவர் மேசையில் நாட்குறிப்பும் கடிதங்களும் இருக்கும். தலைமறைவாக வாழ்ந்தவரோ தன் காகிதங்களைத் தானே எரித்தவர். அவரைப் பற்றிய காகிதம் அவரைத் தேடியவர்களிடம்தான் இருக்கிறது. உளவுத்துறைக் கோப்பு, முதல் தகவல் அறிக்கை, நீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் அங்கே. அரசிடம் காகிதம், போராளியிடம் ஞாபகம் என்று ஒரே வாழ்க்கை இரண்டு இடத்தில் கிடக்கிறது. முப்பது ஆண்டு கழித்து அவர் எழுதும்போது பழைய விசாரணை அறைக்கும் சேர்த்தே பதில் சொல்கிறார். கட்சியை விட்டு வந்திருந்தால் கட்சிக்கும் பதில் சொல்கிறார். எதைச் சொல்லலாம், யாரை இன்னும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற கணக்கு வரிக்கு வரி ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகவே இந்த நூல்களில் மௌனம் அதிகம். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பெயர் தெரிந்தும் ஒருவரைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லாமல் விடுவது. இன்னொன்று, பெயரே தெரியாததால் விடுவது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றாததால் விடுவது. முதலாவதைக் காக்கும் மௌனம் என்போம், இரண்டாவதைக் காணாத மௌனம் என்போம். பக்கத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ‘ஒரு தோழர் உணவு கொண்டுவந்தார்’ என்றிருக்கும். அந்தத் தோழருக்கு ஏன் பெயரில்லை என்று கேட்டு, எந்த மௌனம் எது என்று பிரிப்பதுதான் தலித் வாசகருடைய வேலை என்று நாம் கருதுகிறோம்.

வ.உ.சிதம்பரனார் தன் சுயசரிதையைச் செய்யுளில் எழுதினார். அவர் 1936-ல் மறைந்தார், நூல் 1946-ல்தான் வெளிவந்தது. செக்கிழுத்த மனிதர் யாப்புக்குள் அடக்கி எழுதியிருக்கிறார் என்பதே ஒரு செய்தி. உரைநடையில் தன்னைப் பற்றிப் பேசுவது தமிழில் இன்னும் பழகாத காலம். வலியைச் சொல்லவும் ஒரு மரபின் துணை தேவைப்பட்டது. அவர் காலத்துத் தூத்துக்குடியைப் பற்றி எல்லோரும் சொல்லும் ஒரு கதை உண்டு. வெள்ளையர் பக்கம் நின்ற ரங்கசாமி ஐயங்கார் என்ற வக்கீலுக்கு முகம் மழித்துக்கொண்டிருந்த தொழிலாளி, அவர் யார் பக்கம் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தில் எழுந்து போய்விட்டாராம். மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். ஆனால் கவனியுங்கள், கதையில் வக்கீலின் பெயர் இருக்கிறது. அன்றைய கூலியை இழந்து, அடியும் வாங்கக்கூடிய நிலையில் எழுந்து போனவருக்குப் பெயர் இல்லை.

1908 மார்ச் 13 அன்று வ.உ.சி. கைதை எதிர்த்து நெல்லையில் எழுந்த மக்களுக்கும் அப்படித்தான் இருந்தது. அந்தச் சாதாரண மனிதர்களைத் தேடி எழுதப்பட்டதுதான் ஆ.இரா.வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’, 2024-ன் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நூல். இப்படிப்பட்ட தேடலுக்குக் காவல், நீதிமன்ற ஆவணங்கள் இல்லாமல் முடியாது. தண்டிப்பதற்காகத்தான் வெள்ளைக்காரன் பெயரை எழுதினான், ஆனாலும் எழுதினான். சில சமயம் எதிரியின் கோப்பு நம்மவரின் நினைவைவிட நம் மக்களை அதிகம் அறிந்திருக்கிறது. கசப்பான உண்மைதான், ஆனால் ஆய்வு செய்யப் போகும் மாணவர்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகும்போது இதை மறக்கக் கூடாது.

அதே பகுதியில் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆட்சியர் ஆஷ் கொல்லப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதனிடம் ஒரு கடிதம் கிடைத்தது. சனாதன தருமம் மிதிக்கப்படுவதுதான் அதன் குறை. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை இழிவுபடுத்த அந்தக் கடிதம் தேர்ந்தெடுத்த சொல் ‘பஞ்சமன்’. நம் மேடைகளில் இதோடு இன்னொரு கதையும் சொல்லப்படுகிறது. பிரசவ வலியில் துடித்த ஒரு தலித் பெண்ணை ஆஷ் தன் வண்டியில் ஏற்றி அக்கிரகாரம் வழியே கொண்டுபோனார், அதற்காகத்தான் கொன்றார்கள் என்று. இதற்கு ஆவணச் சான்று எதுவும் வெளிவரவில்லை. மக்கள் ஏன் இப்படி ஒரு கதையைச் சொல்கிறார்கள் என்பது நல்ல ஆய்வுக் கேள்வி. வழி மறுக்கப்பட்டவர்களுக்கு ஒரு வண்டி வழி திறந்தது என்ற ஆசை அதில் இருக்கிறது. ஆனால் அதை நடந்த வரலாறாக அச்சடிக்க வேண்டாம் என்பது நம் கருத்து. கடிதம் ஒன்றே போதும். தன் கைப்பட எழுதியதைவிடப் பெரிய சான்று எதற்கு? சான்றில்லாத கதையைச் சான்றுள்ள கடிதத்தோடு சேர்த்துக் கட்டினால், ஒன்றை மறுக்க வந்தவர் இரண்டையும் தூக்கி எறிந்துவிட்டுப் போவார்.

நம் வட்டாரத்துக்கு வருவோம். தொழுநோயோடு சிறையிலிருந்து வந்த சுப்பிரமணிய சிவா கடைசிக் காலத்தைக் கழித்து, 1925 ஜூலை 23 அன்று இறந்த பாப்பாரப்பட்டி அன்று சேலம் மாவட்டம். மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் ‘என் கதை’ எழுதினார். இவையெல்லாம் பாடத்திட்டத்தில் வருகிற பெயர்கள். அதே மோகனூர்ச் சுற்றுவட்டாரத்தில் கவலை இறைக்கத் தோல் சால் தைத்துக் கொடுத்தவர்கள் அதே ஆண்டுகளில் என்ன நினைத்தார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்பும்.

‘புரட்சியாளர்’ என்ற அடைமொழியை நம் மேடைகளில் அண்ணல் அம்பேத்கருக்குத் தருகிறோம். அவர் முழுத் தன்வரலாறு எழுதவில்லை. எழுதியது ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற சிறு கையெழுத்துப் பிரதி. அது மக்கள் கல்விக் கழகத்தால் 1990-ல்தான் தனி நூலானது. தீண்டாமை என்றால் என்னவென்று அறியாத வெளிநாட்டாருக்கு விளக்குவதற்காக எழுதியது. புரட்சியாளரின் நினைவு நூலில் நாம் எதிர்பார்க்கும் எதுவும் அதில் இல்லை. மகத் போராட்டத்தை வழிநடத்திய வெற்றி இல்லை, வட்டமேசை இல்லை. மசூர் ரயில் நிலையத்தில் இறங்கிய சிறு பையன்கள் இருக்கிறார்கள். மகர் சாதி என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரரும் ஏற்றவில்லை. இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியைத் தாங்களே ஓட்டிக்கொண்டு, வண்டிக்காரர் கூடவே நடந்துவர, குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் இரவைக் கழிக்கிறார்கள். கட்டிக்கொண்டுபோன சோறு இருக்கிறது, தண்ணீரில்லாமல் அதை எப்படித் தின்பது? பிறகு கொலம்பியாவில் படித்துத் திரும்பியவரை பரோடாவில் பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து துரத்துகிறார்கள்.

இலக்கியமாக அதன் வலிமை வண்டி, சோறு, தண்ணீர் என்ற இந்தச் சின்னப் பொருள்களில் இருக்கிறது. வரலாறாக அதன் வலிமை இன்னொரு இடத்தில். பிரதியின் பிற்பகுதியில் அம்பேத்கர் தன் கதையை நிறுத்திவிட்டு மற்றவர்களின் கதையைச் சேர்க்கிறார். கத்தியவாரில் ஒரு தலித் ஆசிரியரின் மனைவி பிரசவத்துக்குப் பின் நோயுற, தொட்டுப் பார்க்க மருத்துவர் மறுத்து, அவர் இறந்துபோகிறார்; ‘யங் இந்தியா’வில் 1929-ல் வந்த கடிதம் அது. துப்புரவுச் சாதியில் பிறந்து கிராமக் கணக்கர் வேலைக்குப் போன ஓர் இளைஞர் பட்ட பாடும் வருகிறது. தன் நினைவு நூலுக்குள் பக்கத்து வீட்டாருக்கும் இடம் ஒதுக்குகிற இந்த முறையை நாம் ஒரு வடிவமாகவே கற்றுக்கொள்ளலாம். தமிழில் இதற்கு முன்பே தொடங்கிய ஒரு கை உண்டு. ‘பறையன்’ இதழை 1893-ல் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன் 1939-ல் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ வெளியிட்டார். சின்னப் புத்தகம். சுருக்கம் என்று அவரே சொல்லிவிட்டார். மனு, கூட்டம், தூதுக்குழு என்று பொதுக்காரியம் நிறைய, சொந்த வலி குறைவு. தன்னைப் பற்றிப் பேசுவதற்கு அந்தத் தலைமுறைக்கு நேரம் இருக்கவில்லை போலும்.

கம்யூனிஸ்ட் இயக்கத்துக்குள் தலித்துகள் எழுதிய நினைவு நூல்கள் மிகக் குறைவு. அதனாலேயே ஆர்.பி.மோரேயின் நூல் முக்கியமானது. 1927-ல் மகத் மாநாட்டை ஏற்பாடு செய்தவர்களில் முன்னணியில் இருந்தவர் ராமச்சந்திர பாபாஜி மோரே. பிறகு கம்யூனிஸ்ட் ஆனார், ஆனாலும் அம்பேத்கரை விடவில்லை. தீண்டாமையைத் தனிக் கேள்வியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கட்சித் தலைமைக்கு அறிக்கைகள் எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். தன்வரலாற்றை அவரால் முடிக்க முடியவில்லை. மீதியை மகன் சத்யேந்திர மோரே எழுதினார். 2019-ல் ஆங்கிலத்தில் வந்த நூலில் இரண்டும் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. அப்பாவின் பகுதியில் கொங்கணத்து மனிதர்கள் பெயரும் ஊருமாக வருகிறார்கள். மகனின் பகுதி கட்சி வரலாறாக நகர்கிறது. ஒரு வாழ்க்கையைச் சொல்ல இரண்டு கை தேவைப்பட்டது.

ஆந்திரத்தில் கே.ஜி.சத்தியமூர்த்தி. சிவசாகர் என்ற பெயரில் கவிஞர். கொண்டபள்ளி சீதாராமையாவோடு சேர்ந்து 1980-ல் மக்கள் யுத்தக் கட்சியை நிறுவியவர். தலித். அவர் நினைவு நூல் எழுதவில்லை. நியூயார்க் சுரங்க ரயிலில் கண்டக்டராக வேலை செய்யும் அவருடைய தங்கை மகள் சுஜாதா கிட்லா, மாமாவின் பேச்சை ஒலிநாடாவில் பதிவு செய்து 2017-ல் ஆங்கில நூலாக்கினார். யானைகளுக்கு நடுவே எறும்புகள் என்று அதன் தலைப்புக்குப் பொருள். தலைமறைவுக் குழுவுக்குள்ளேயே முடிவெட்டும் சாதிக்காரருக்கு முகம் மழிக்கும் வேலை, சலவைச் சாதிக்காரருக்குத் துணி துவைக்கும் வேலை, தீண்டப்படாதவருக்குப் பெருக்குகிற வேலை என்று பிரிந்திருந்ததாகத் தலித் இளைஞர்கள் அவரிடம் முறையிட்டார்கள். அதை அவர் தலைமையிடம் எழுப்பினார், கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டார். கட்சியின் தீர்மானங்களில் தேடினால் இந்தத் துணி துவைக்கும் கல் கிடைக்காது. நினைவு நூல் மட்டும் தரக்கூடிய வரலாறு இது. துவைக்கிறவர் யார் என்பதைத் துவைத்தவரும் அவருக்காகப் பேசியவரும்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

தமிழ்நாட்டு நக்சல்பாரித் தலைமுறையிலிருந்து இரண்டு நூல்களையாவது மாணவர்கள் படிக்க வேண்டும். தமிழாசிரியராக இருந்து மரண தண்டனை வரை போன புலவர் கு.கலியபெருமாளின் ‘மக்கள் துணையோடு மரணத்தை வென்றேன்’. இளம் வயதில் தூக்குத் தண்டனை பெற்றுப் பல ஆண்டு சிறையில் கழித்த தியாகுவின் ‘சுவருக்குள் சித்திரங்கள்’. இரண்டாவது நூலின் தலைப்பு நேர்மையானது. தன்னைவிடச் சுவருக்குள் கண்ட மனிதர்களை வரைவதில்தான் அதற்கு அக்கறை. முதல் நூலின் தலைப்பு நமக்கு ஒரு கேள்வியையும் தருகிறது. மக்கள் துணையோடு என்றால், எந்த மக்கள்? எந்தத் தெரு? அடைக்கலம் கொடுத்த குடிசையில் அன்றைக்கு எத்தனை பேருக்குச் சோறு இருந்தது? இதை எழுதியவர் மீதான புகாராக எடுத்துக்கொள்ள வேண்டாம். புத்தகம் முடிந்த இடத்திலிருந்து நாம் கேட்கவேண்டிய கேள்வி இது. பொதுவாக இவ்வகை நூல்களில் ‘சேரி மக்கள் எங்களைக் காப்பாற்றினார்கள்’ என்ற மாதிரி வாக்கியம் ஒன்று நன்றியோடு வந்துபோகும். நன்றிதான் வருகிறது, ஆள் வருவதில்லை.

இந்தக் கேள்வி வெறும் இலக்கியக் கேள்வி இல்லை என்பதை நமக்கு நாயக்கன்கொட்டாய் காட்டியது. தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டம். நக்சல்பாரி இயக்கம் அங்கே வேர்விட்ட ஊர்களில் நாயக்கன்கொட்டாயும் ஒன்று. கொல்லப்பட்ட அப்பு, பாலன் இருவரின் சிலைகள் அந்த ஊரில் இருக்கின்றன. கந்துவட்டிக்கும் இரட்டைக் குவளைக்கும் எதிராக வன்னியரும் தலித்துகளும் ஒன்றாக நின்ற காலம் ஒன்று அந்த மண்ணில் இருந்தது. 2012 நவம்பர் 7 அன்று அதே வட்டாரத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகள் எரிக்கப்பட்டன. 268 வீடுகள். ஒரு காதல் திருமணம் காரணம் என்றார்கள். முப்பதே ஆண்டில் இது எப்படி நடந்தது என்று தலைவர்களின் நினைவு நூல்களைப் புரட்டினால் பதில் கிடைப்பதில்லை. ஏனென்றால் அவை தலைவர் கைதாகும் இடத்தில் அல்லது விடுதலையாகும் இடத்தில் முடிந்துவிடுகின்றன. ஊர் அங்கே முடிவதில்லை. ஒன்றாக டீ குடித்த இருவரில் ஒருவர் பிறகு நிலம் வாங்கினார், இன்னொருவர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார், இருவரின் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் அறியாமல் வளர்ந்தார்கள் என்பது போன்ற கதை எழுதப்பட்டிருந்தால், அந்த ஊரை நாம் இப்போது வேறு மாதிரிப் புரிந்துகொண்டிருப்போம்.

‘அது உண்மைதானா’ என்ற கேள்விக்கு வருவோம். மாணவர்கள் அடிக்கடி கேட்பது. குவாத்தமாலாவின் பழங்குடிப் பெண் ரிகோபெர்த்தா மெஞ்சு சொல்ல, எலிசபெத் புர்கோஸ் பதிவு செய்து 1983-ல் ஒரு சாட்சிய நூல் வந்தது. 1992-ல் மெஞ்சுவுக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1999-ல் டேவிட் ஸ்டால் என்ற மானிடவியலாளர், அதில் வரும் சில நிகழ்ச்சிகள் அவர் சொன்னபடி நடக்கவில்லை என்று எழுதினார். இராணுவம் அந்த மக்களைக் கொன்றது என்பதை அவரும் மறுக்கவில்லை. தன் கதை தன் மக்கள் எல்லோருடைய கதை என்று மெஞ்சு சொன்னார். நாம் யார் பக்கம்? மெஞ்சுவின் பக்கம்தான், தயக்கமில்லை. ஆனால் பாடத்தையும் எடுத்துக்கொள்கிறோம். ‘நான் பார்த்தேன்’ என்பதும் ‘எங்கள் சனம் பார்த்தது’ என்பதும் இரண்டும் உண்மையாக இருக்கலாம். எது எது என்று பிரித்துச் சொல்லிவிட்டால் நம் சாட்சியத்தை யாரும் அசைக்க முடியாது. ஆஷ் கதைக்கும் இதே அளவுகோல்தான்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தெலங்கானா ஆயுதப் போராட்டத்தின் தலைவர்கள் பலர் நூல் எழுதினார்கள். ஆனால் அதில் பங்கெடுத்த பெண்களின் குரல் ஸ்திரீ சக்தி சங்கட்டணா என்ற குழு தேடிப்போய்ப் பதிவு செய்த பிறகுதான், 1986-ல் தெலுங்கில் நூலாக வந்தது. சலவைத் தொழிலாளிச் சாதியில் பிறந்த சித்யாலா ஐலம்மா அதில் பேசுகிறார். கூட்டத்தில் பேசியதைவிடக் குழந்தையை யாரிடம் விட்டுப்போனோம், மாதவிலக்கின்போது காட்டில் என்ன செய்தோம், போராட்டம் முடிந்ததும் ‘வீட்டுக்குப் போங்கள்’ என்று ஏன் சொன்னார்கள் என்பதுதான் அந்தப் பெண்களுக்கு நினைவிருந்தது. புதுச்சேரிப் பக்கத்து வீரம்மாளின் வாழ்க்கையை ஜோசியான் ரசீன் பதிவு செய்து பிரெஞ்சில் வந்த நூலும் இவ்வகையே. இந்த நூல்களில் கேட்டவர் படித்தவர், சொன்னவர் படிக்காதவர். கேள்வி கேட்கிறவர் கையில்தான் கத்தரிக்கோல் இருக்கிறது என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

அதற்கு எதிர்ப்பக்கத்தில் டொமினிக் ஜீவா நிற்கிறார். யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, அதே தொழிலைச் செய்துகொண்டே எழுத்தாளராகி, கம்யூனிஸ்டாகி, 1966 முதல் ‘மல்லிகை’ இதழை நடத்தியவர். அவருடைய தன்வரலாறு ‘எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்’. தூத்துக்குடியில் பாதிச் சவரத்தில் எழுந்து போனவர் பேனா எடுத்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அதைத் தேடிப் படிக்கலாம்.

இனி நம் வேலை. எந்தத் தோழரின் பெயரால் இந்தச் சொற்பொழிவு ஆண்டுதோறும் நடக்கிறதோ, அவர் நினைவு நூல் எழுதவில்லை. அவர் கையெழுத்தில் நம்மிடம் இருப்பது ஒரு வரவு செலவு நோட்டு. சுவரொட்டிப் பசைக்கு மைதா, வாய்தாவுக்குப் போன நான்கு பேருக்குப் பஸ் செலவு, மதியம் தக்காளிச் சாதம். இடது பக்கத்தில் பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் ஊரோடு இருக்கின்றன. இரண்டு ரூபாய் கொடுத்தவரும் விடுபடவில்லை. இதை நாம் நினைவு நூலாகவே படிக்க வேண்டும். எந்த ஊர் எந்த மாதத்தில் பணம் கொடுத்தது, எப்போது நிறுத்தியது என்று பார்த்தால் எங்கே மிரட்டல் வந்தது என்றுகூடச் சொல்லிவிடலாம்.

எங்கள் மன்றத்தார் சில ஆண்டுகளாக ஓமலூர், இராசிபுரம், பரமத்தி பக்கங்களில் வயதானவர்களின் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்து வருகிறோம். செத்த மாடு தூக்க மாட்டோம் என்றவர்கள், சாவுக்கு மேளம் அடிக்க மறுத்து ஊர்க்கட்டுப்பாட்டைத் தாங்கியவர்கள், பண்ணையத்தில் விடப்பட்ட பிள்ளையை மீட்டுவந்து பள்ளியில் சேர்த்தவர்கள். ‘நீங்க புரட்சி செஞ்சீங்களா’ என்று கேட்டால் சிரித்துவிடுவார்கள். கேள்வியைச் சின்னதாக்க வேண்டும். அன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள், எங்கே படுத்தீர்கள், தண்ணீர் யார் கிணற்றில், முதலில் யார் எழுந்து பேசினார். ஓமலூர்ப் பக்கத்தில் ஒரு பாட்டி இயக்கத்துக்காரர்களுக்கு மாதக்கணக்கில் களி கிண்டிப் போட்டவர். அவர்கள் பெயரைக் கேட்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்களாம், இவரும் கேட்கவில்லை. அது காக்கும் மௌனம். இவர் பெயரை அவர்கள் கேட்டார்களா என்றோம். கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘அக்கான்னுதான் கூப்புடுவாங்க’ என்றார்.

மொழியும் ஒரு சிக்கல். நம் வட்டாரத்து அருந்ததியர் பலருக்கு வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். கைப்பேசியை நீட்டியதும் மேடைத் தமிழ் வந்துவிடுகிறது. கோபம் வரும்போது தெலுங்கு திரும்புகிறது. அந்த இடத்தைத் தமிழாக்கித் தட்டச்சு செய்துவிடாமல், பேசியபடியே தமிழ் எழுத்தில் வைத்து, பக்கத்தில் பொருள் எழுதச் சொல்கிறோம். தட்டச்சு செய்யும் மாணவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். செய்யத்தான் வேண்டும்.

இதுவரை பெயர் வேண்டும், பெயர் வேண்டும் என்று பேசினோம். ஆனால் பதிவு செய்யப் போனால் பெயர் வேண்டாம் என்கிறவர்களும் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். வீட்டுக்காரருக்குச் சாதி தெரியாது. தாத்தாவின் பெயர் ஊரோடு புத்தகத்தில் வந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும். அவர்களிடம் போய் வரலாற்றுக்காகப் பெயர் கொடுங்கள் என்று வற்புறுத்த நமக்கு உரிமை இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் இயக்கத்துக்காரர்கள் செய்ததைப் போலவே நாமும் இப்போது பெயர்களை மறைத்து வைத்திருக்கிறோம். வேறுபாடு ஒன்றுதான்: கேட்டு, எழுதிக்கொண்டு, மறைக்கிறோம். பெயர்கள் தனி நோட்டில் இருக்கின்றன. அவரவர் வீட்டார் சொல்லும் நாளில் சேர்க்கலாம். அச்சாகும் பிரதியில் ஆளின் பெயரையும் ஊரின் பெயரையும் நீக்கிவிட்டு, எந்த ஆண்டு நடந்தது, பண்ணையத்துக்கு வருசத்துக்கு எத்தனை வள்ளம் கம்பு, எத்தனை வள்ளம் சோளம் என்று அவர்கள் சொன்னதை அப்படியே விட்டிருக்கிறோம்.